அட்டை துரையைக் கடித்த நாள்

அக்கா,

இன்று காலை முழங்காலில் தேய்க்கலாம் என்று பச்சைத் தைலப் புட்டியைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், அறை முழுக்க நீ. கற்பூர நெடி மூக்கில் ஏறியதும் இந்தப் பிரிஞ்சாங் மாடி வீடு மறைந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே, நனைந்த கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு உள்ளே நீ. அன்றைக்கு உன் இடுப்பில் தேய்த்ததும் இதே தைலம்தான்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அங்கே தபால் உண்டோ இல்லையோ தெரியாது. ஆனால் பகாங் மாநிலமே கண்டு நடுங்கிய மகா புளுகன் எழுதும் மடலைத் திருப்பி அனுப்ப எந்தத் தபால்காரனுக்குத் துணிச்சல் வரும்?

எழுபதுகளின் பாதி அது. எனக்கு இருபத்தொரு வயது, தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டுகிறேன். சாதாரணமாக இல்லை. நான் வளைவில் திருப்பினால் லோரி திரும்பாது, மலைதான் விலகி வழிவிடும். உனக்கு இருபத்தொன்பது. தம்பியை ஆளாக்கிவிட்டுத்தான் கழுத்தை நீட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து, தாமதமாகக் கல்யாணம் கட்டி, முதல் பிள்ளை வயிற்றில்.

பாம்பைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஓரம் தள்ளிவிட்டுக் கொழுந்து பறித்தவள் நீ. பிள்ளைப்பேறு என்ற பேச்சை எடுத்தால் மட்டும் உன் முகத்தில் ரத்தம் வற்றிவிடும். காரணம் எனக்குத் தெரியும். காரணமே நான்தான். என்னைப் பெற்ற அன்றைக்கே அம்மா போய்விட்டார். எட்டு வயதுப் பிள்ளையான உன்னைத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். எல்லாவற்றையும் நீ காதால் கேட்டாய். அதைப் பற்றி நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போதாக்குறைக்கு நம் லயத்துப் பெண்கள். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? ஒருத்தி மாங்காய் கொண்டுவந்தாள், ஒருத்தி புளிச்சோறு. கூடவே ஆளுக்கொரு கதை. மூன்று நாள் வலித்தவள் கதை, கால் முதலில் வந்த கதை, ரிங்லெட்டில் யாரோ ஒருத்தியின் கண் செருகிப்போன கதை. எல்லாம் அன்பினால்தான். முன்னாடியே தெரிந்துகொண்டால் உனக்குத் தைரியம் வருமாம். ஒன்பதாம் மாதத்தில் நீ மாங்காயைத் தொடவில்லை, கதைகளை மட்டும் தின்றுகொண்டிருந்தாய். கொழுந்துக் கூடையோடு இறங்கி வரும்போது தூரத்திலிருந்தே உன் தாடை எலும்பு தெரியும், அப்படிப் பல்லைக் கடித்திருப்பாய்.

தோட்டத்து ஆஸ்பத்திரித் தாதியை நாம் எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். சட்டை மார்பில் தலைகீழாகத் தொங்கும் ஒரு கடிகாரம். அவர் முறைத்தால் காய்ச்சல் தானாக இறங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போகும். அவர் உன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, தலை கீழே சரியாக இறங்கியிருக்கிறது, கோளாறு உன் தாடையில் மட்டும்தான் என்றார்.

“வாய் இறுகினா வழியும் இறுகும். தோளத் தொங்கவிடு. வலி வந்தா அதோட மல்லுக்கு நிக்காத. மூச்ச நீளமா வெளிய விடு, அது பாட்டுக்கு ஏறி எறங்கிப் போயிரும்.”

உதட்டைத் தளர்த்திக் குதிரை மாதிரி ‘ப்ர்ர்’ என்று ஊதவும் சொல்லிக்கொடுத்தார். உனக்கு வெட்கம். அக்காவின் மானம் காக்க அவதரித்த நான் விடுவேனா? லயத்து நடுவில் நின்று ஊதிக் காட்டினேன். பேக்டரிச் சங்கு அன்றைக்கு வெட்கப்பட்டு ஐந்து நிமிஷம் பிந்தி ஊதியது. நீயும் வீட்டுக்குள் ஊதிப் பழகினாய். ஆனால் அம்மா நினைப்பு வந்தால் போதும், மறுபடி தாடையில் பூட்டு.

இவளைச் சிரிக்கவைக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மிஸி கேட்டபோது நீ என் பக்கம் விரலை நீட்டினாய். பட்டாபிஷேகம் என்றால் அதுதான்.

அந்த நாள் விடிந்ததும் வலி கண்டது. மழை. கொழுந்து லோரியின் முன்சீட்டில் உன்னையும் மச்சானையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மச்சானின் முகத்தைப் பார்த்தாலே உனக்கு வலி கூடியது. அதனால் அவரை வெந்நீர் அடுப்புக்கு நாடு கடத்தினார் மிஸி. பிறகு ஜன்னலை ஒரு சாண் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

“புளுகுமூட்ட, இங்கயே உக்காரு. வலி எறங்குறப்ப பேசு. ஏறுறப்ப வாய மூடிக்க. நான் கையக் காட்டுவேன்.”

முதல் புளுகு, லெம்பா பெர்த்தாம் ஊர் முட்டைக்கோஸ். அது வளர்ந்து சாலையை அடைத்துக்கொண்டதால் அதற்குள் குடைந்துதான் லோரிகள் போய்வந்தன, மழைக்கு ஒதுங்கிய டிரைவர்கள் சுவரைப் பிய்த்துப் பொரியல் செய்து தின்றார்கள். உள்ளே லேசாக ஒரு சிரிப்பு. மிஸியின் கை தெரிந்தது. நிறுத்தினேன். நீ நீளமாக மூச்சுவிடும் சத்தம் கேட்டது. கை இறங்கியது. அடுத்த புளுகு.

இப்படியே மதியம் வந்தது. அப்போதுதான் என் வாழ்நாள் சாதனையை அவிழ்த்தேன். காட்டோரத்து அட்டை ஒன்று கங்காணியின் ரத்தத்தைக் குடித்துவிட்டு அவராகவே ஆகிவிட்டது. விடியற்காலையில் வரிசை முன்னால் நின்று அதட்டிப் பேர் கூப்பிட்டது. சனங்களும் பயந்துபோய் ‘வந்துட்டேங்க’ என்றார்கள். அடுத்து கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணியைக் கடித்தது. உடனே மூக்குக் கண்ணாடி கேட்டது. நீ சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அட்டை இப்போது தோட்டத்தையே ஆளும் துரையின் பங்களாப் படியில் ஏறுகிறது என்றேன்.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. உன் குரல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து வந்த ஒரு முனகல். நான் அதைக் கேட்டதே இல்லை. ஆனால் எனக்கு உள்ளே ஏதோ, இதுதான் அம்மாவின் சத்தம் என்றது. அட்டை படியிலேயே நின்றுவிட்டது. மிஸியின் கை இறங்கியது, நான் பேசவில்லை. மறுபடி ஏறியது, இறங்கியது.

மிஸியின் தலை வெளியே வந்தது. “பேசுலா. மறுபடி பல்லக் கடிக்கிறா.”

நான் பிறந்து ஒரு உயிரைக் கொன்றேன், இப்போது வாயடைத்து இன்னொன்றைக் கொல்லப் போகிறேன் என்று மட்டும் தோன்றியது.

பிறகு நீ கூப்பிட்டாய்.

“தம்பி. இருக்கியா?”

“இருக்கேங்க்கா.”

“நீ என்ன நெனச்சிக்கிட்டு உக்காந்திருக்கன்னு எனக்குத் தெரியும். அம்மா உன்னப் பார்த்தாங்கடா. பார்த்துச் சிரிச்சாங்க. அப்பறம்தான் கண்ண மூடினாங்க.”

ஒரு வலி ஏறி இறங்கியது. நீ பல்லைக் கடிக்கவில்லை. மூச்சு வெளியே போகும் சத்தம் கேட்டது, தோட்டத்துச் சரிவில் பனி இறங்குவது மாதிரி நீளமாக.

“இப்ப நான் சொல்றேன், நீ கேளு” என்றாய். பொய்யே பேசாத நீ. “அந்த அட்ட தொரையக் கடிச்சிச்சு. நல்லா வயிறு முட்டக் குடிச்சிச்சு. ஆனா ஒண்ணுமே மாறல தம்பி. ரெண்டு பேருக்கும் முன்னாடியே ஒரே தொழில்தான.”

முதலில் சிரித்தது மிஸி. தோட்டம் தொடங்கிய நாள் முதல் சிரிக்காதவர் என்று பேர் வாங்கியவர், இரும்புக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நீ. நீ சொன்ன பகிடிக்கு நீயே சிரித்தாய். “அதே வாய்தான். அப்படியே இருக்கட்டும், மூச்ச விடு, விடு” என்று மிஸி சொல்வது கேட்டது. உள்ளே நீ குதிரை மாதிரி ஊதினாய். வெளியே நான் ஊதினேன். வெந்நீர் அடுப்பிலிருந்து மச்சானும் ஊதினார். மூன்று குதிரைகள் இழுத்த தேரில் உன் மகள் வந்து இறங்கினாள். அவள் அழுத அழுகையில் மலையடிவாரத் தாப்பா வரைக்கும் மேகம் கலைந்தது. இதில் ஒரு சொல்கூட மிகை இல்லை.

அரைமணி கழித்து மிஸி வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழுகிறாயா என்று கேட்டார். மழை மிஸி என்றேன். மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

அடுத்த இரண்டு பிள்ளைகளுக்கும், அதெல்லாம் எண்பதுகளில், நீயே துணிப்பையை எடுத்துக்கொண்டு நடந்து போனாய். புதுப் புளுகுகளோடு ஓடிவந்த என்னை, போய்ச் சோறு ஆக்கி வை என்று துரத்திவிட்டாய். லயத்தில் யாராவது பிள்ளைத்தாய்ச்சியிடம் கண் செருகிய கதையை ஆரம்பித்தால் நீ குறுக்கே விழுவாய். “சிரிக்கிற கதன்னா சொல்லு. இல்லன்னா மாங்காய வச்சிட்டுப் போ.” உன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடப் பழகிப் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் நான் பதினாயிரம் என்பேன். ஏழெட்டுப் பேர் நிச்சயம்.

ஒன்றை மட்டும் உன்னிடம் நான் கேட்கவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்ற பிள்ளை, உள்ளே அம்மா சிரித்ததை எப்படிப் பார்த்திருக்க முடியும்? கேட்க நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். புளுகில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டியவன், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் உரசிப் பார்க்கவே இல்லை.

நீ அதைச் சொன்ன அன்றுவரைக்கும் என் பிறந்த நாள் என்பது அம்மாவுக்குப் படையல் போடும் நாள். வேறொன்றும் இல்லை. நல்ல துணி உடுத்தவும் கூசும். இப்போது எழுபதை நெருங்குகிறேன். வருகிற மாதம் அந்த நாளிலும் படையல் போடுவேன். போட்டுவிட்டுப் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு, சேமியா பாயசம் ரெண்டு கிண்ணம் குடித்துவிட்டு, சந்தைத் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி ஒரு நடை நடப்பேன். அம்மா பார்த்துச் சிரித்த பிள்ளை என்றால் சும்மாவா?