காலையில் கல்லாகும் பெடல்

1943 டிசம்பர் 3, வெள்ளி

பனி. ஏரிக்கரையில் எதிரே வரும் ஆள் தெரியவில்லை. விரல்கள் விறைத்துப்போய், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

தொம்மலூர் வழியில், திருப்பத்தில் பால்காரரின் சைக்கிள் குறுக்கே. பிரேக்கை மிதித்தேன். பெடல் கல். சீட்டில் முதுகை ஊன்றி மிதித்தும் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. வண்டி எப்படியோ நின்றது, சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால். பால்காரர் கன்னடத்தில் என் பரம்பரை முழுவதையும் விசாரித்தார். நியாயம்தான். பக்கத்து சீட்டில் அண்ணன் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டதாம்.

மத்தியானம் அதே வண்டி, அதே பெடல், அதே கால். சுகமாக இறங்கியது.

பிரேக் எண்ணெய் குறைவு என்று சொல்லவும் வழியில்லை. யுத்தம் வந்ததிலிருந்து ஊரில் கிடைக்காத சாமான். அண்ணன் நாகர்கோவிலிலிருந்து வந்த வாரமே பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிவிட்டார். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பு. ஊரில் பஸ் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். இப்போது கண்ணில் புரை. நன்றாகப் பழுத்தால்தான் அறுக்கலாமாம். அதுவரை இங்கே வாசம். ஓட்டத்தான் முடியாது, ஓட்டுகிறவளுக்குப் புத்தி சொல்லலாமே.

தொம்மலூர் ராஜம்மா: குழந்தையின் தலை இன்னும் இறங்கவில்லை. இரண்டு வாரம் ஆகலாம். முதல் இரண்டும் போய்விட்ட பெண். பிரசவத்துக்கு நீங்கள் இருப்பீர்கள்தானே என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஸ்தோத்திரமாவது எழுதாமல் டைரியை மூடுவதில்லை, அம்மாவின் பழக்கம். இன்று: பால்காரர் உயிரோடு திட்டினதற்கு.

டிசம்பர் 5, ஞாயிறு

காலை ஆராதனைக்குப் போகும்போது மறுபடி கல். மெதுவாகவே ஓட்டிப் போனேன். பிரசங்கம் நீளம், காதில் விழுந்தது பாதி. திரும்பும்போது வெயில். பெடல் சரி.

அண்ணன் தினமும் காலையில் வண்டியில் ஏறிக்கொள்கிறார். குளிர் என்றாலே ஆகாத மனிதர். இரண்டு ஸ்வெட்டர், மேலே கம்பளி, காதைச் சுற்றி மப்ளர். ஊர் பார்க்க வருகிறாராம். பனியில், புரைக் கண்ணோடு, என்ன ஊர்? நான் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். எரிச்சலாக வருகிறது. போதாததற்கு ஹாண்ட்பிரேக் கம்பியில் என் பழைய பிளானல் துண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். துருப்பிடிக்காமல் இருக்கவாம்.

ஸ்தோ: சமையல்கார மேரியம்மாவின் மிளகு ரசம்.

டிசம்பர் 7, செவ்வாய்

கரீம் பாய் ஒர்க்‌ஷாப். வண்டியை மத்தியானம்தான் விட முடிந்தது. பெடல் கம்பி, ஸ்பிரிங், சக்கரத்துக்குள் இருக்கும் ஷூ எல்லாம் பார்த்தார். பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்தும் பார்த்தார். நிறைய இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. அண்ணனும் கூடவே குனிந்து தடவித் தடவிப் பார்த்தார்.

"காடி பராபர் இருக்கும்மா," என்றார் கரீம் பாய். "பெடல் மக்கன் மாதிரி போவுது. நீங்களே மிதிச்சுப் பாருங்க."

மிதித்தேன். வெண்ணெய்தான். காலையில் வந்து பாருங்கள் என்றேன். அவசியமில்லை என்று மரியாதையாகச் சொன்னார். பொம்பளை கால், குளிர் காலம் என்று மனத்துக்குள் நினைத்திருப்பார். அண்ணன் என் கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஸ்தோ: யோசித்துப் பார்த்தேன். பெட்ரோல் கூப்பன் வந்தது.

டிசம்பர் 9, வியாழன்

வண்டியில் கோளாறு இல்லையென்றால் மிதிக்கிறவளிடம்தான் கோளாறு.

நோயாளி: பெண், வயது நாற்பத்தாறு. எழுந்ததும் வலது கால் விறைப்பு. வெயில் ஏற ஏறச் சரியாகிறது. குளிரில் அதிகம். தாயாருக்கு மூட்டுவாதம். வேறு யாராவது வந்து இப்படிச் சொன்னால் யோசிக்காமல் நோயின் பெயர் சொல்லிவிடுவேன்.

அம்மாவுக்கும் காலையில்தான் தொடங்கியது. கடைசியில் கரண்டி பிடிக்க முடியாமல் அண்ணன் ஊட்டிவிட்டார். நான் அப்போது மதராஸில் படித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி முன்னால் நின்று முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. வலி? இருக்கிறது என்று நினைத்தால் இருக்கிறது. பயமாக இருக்கிறது. சாவுக்கு அல்ல. யாராவது ஊட்டிவிட வேண்டியிருக்குமே, அதற்கு.

அண்ணனிடம் சொல்லக்கூடாது.

ஸ்தோ: இன்றைக்குக் கடன்.

டிசம்பர் 10, வெள்ளி

குதிரை ஜட்காவில் தொம்மலூர். வழியெல்லாம் குலுக்கல். ராஜம்மாவிடம், ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொள், அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், நான் இனிக் காலை வேளையில் வருவது நிச்சயமில்லை என்றேன்.

அவள் அழவில்லை. "நீங்க வரலன்னா நான் எங்கியும் போவ மாட்டேன்," என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

கிறிஸ்மஸ் கழித்து வண்டியை விற்றுவிடலாம்.

டிசம்பர் 11, சனி

எழுத விடாமல் சிரிப்பு வருகிறது. வரிசையாக எழுத வேண்டும்.

விடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். "எஸ்தரு, காலை நீட்டு. அம்மைக்குப் போட்ட மாதிரி எண்ணெ சூடாக்கித் தடவுதேன்."

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. காலை நீட்டினேன்.

அடுப்படி பாட்டிலில் எண்ணெய் தீர்ந்திருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த தகர டின்னை எடுக்கச் சாமான் அறைக்குப் போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். டின்னைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே வந்தார். "தேங்கெண்ணெ கெட்டுப் போச்சு, பாத்துக்கோ. மெழுகாட்டம் கெடக்கு."

மேரியம்மா அடுப்படியிலிருந்தே சிரித்தாள். "கெட்டும் போவல ஒண்ணும் போவல பெரியவரே. பனிக்காலம் வந்தா இந்த ஊர்ல அப்படித்தான் ஒறையும். அதனாலதான் நான் அடுப்பாண்ட வெச்சிருக்கேன்."

ஊரில் லேசாக வெளுக்கும், இப்படிக் கல்லாகாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். முகம் போன போக்கு. டின்னைக் கீழே வைத்தார்.

"வண்டிக்கும் இதத்தான் ஊத்தினேன்," என்றார்.

யுத்தம் வந்தபின் அங்கே பஸ்களை இதை வைத்துத்தான் ஓட்டினார்களாம். ஒரு குறையும் இல்லையாம். என்னிடம் சொன்னால் டாக்டர் புத்தியில் வேண்டாம் என்பேன் என்று சொல்லவில்லையாம்.

வெறுங்காலோடு வண்டிக்கு ஓடினேன். ஓடினேன்! கிண்ணத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. விரலால் வழித்தேன். தலைக்கே தடவலாம்.

என் காலில் ஒன்றும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பயந்துபோய், திட்டிவிடு, திட்டிவிடு என்கிறார். எதற்குத் திட்ட?

ஸ்தோ: தேங்காயெண்ணெய். வியாழன், வெள்ளிக் கடனும் சேர்த்து.

டிசம்பர் 13, திங்கள்

கரீம் பாய் காலையிலேயே வந்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். போதும், எனக்கு அதுவே நஷ்ட ஈடு.

புது எண்ணெய்க்கு எங்கே போவது? கம்பெனிக்காரன் விற்பதே விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும்தான் என்றார் அண்ணன். இரண்டும் என் மருந்து அலமாரியில் இருக்கிறது. ஸ்பிரிட்டால் குழாய்களைக் கழுவி, இரண்டு பேரும் கலந்து ஊற்றினார்கள். ரப்பர் கொஞ்சம் ஊதியிருக்கிறது, சமாளிக்கும் என்று தீர்ப்பு. மோட்டாருக்குப் பேதி மருந்து கொடுத்த டாக்டர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாலை தொம்மலூர். வருவேன் என்று ராஜம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

ஸ்தோ: விளக்கெண்ணெய்.

டிசம்பர் 16, வியாழன்

விடியும் முன் ராஜம்மாவின் புருஷன் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார். நல்ல குளிர். அண்ணனை எழுப்பினேன், வழக்கப்படி வருவாரே என்று. கம்பளிக்குள்ளிருந்து, "இனி நான் எதுக்கு? கால் நல்ல காலாக்கும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திருப்பத்தில் ஒரு மாடு. மிதித்தேன். இறங்கியது, நின்றது.

தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்று. சமயத்துக்கு இருந்தேன். ஜட்காவில் வந்திருந்தால் இருந்திருக்க மாட்டேன். ஆண் குழந்தை. தாமதமாக அழுதது, ஆனால் நன்றாக அழுதது. ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

திரும்பி வந்து வாசலில் வண்டியை நிறுத்தி ஹாண்ட்பிரேக்கை இழுத்தேன். கையில் பிளானல். கதகதப்பாக இருந்தது. துணியில் நான்கு விரலும் ஒரு கட்டை விரலும் அழுந்திப் பதிந்த தடம், பக்கத்து சீட்டிலிருந்து பிடிக்கிற கையின் தடம்.

தினமும் காலையில் அந்தக் கம்பளிக்கு அடியில் அவர் கை இங்கேதான் இருந்திருக்கிறது.

மூன்றாம் தேதி வண்டியை நிறுத்தியது என் கால் அல்ல. மூக்குக்கண்ணாடி விழவேயில்லை.