மயிலை சாப்பிட்டாளா

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சிறுவாணித் தண்ணீர் வரும் நாள். கால் உடைந்ததிலிருந்து சமையலுக்கு வரும் சரசக்கா, குடங்களை நிரப்பிவிட்டுப் போனாள். மாவுக்கட்டுக்குள் அரிப்பு. ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறியக் கூடாது என்று டாக்டர். சொறிந்தேன்.

கல்லூரிக்கு விடுப்பு நீட்டிப்புக் கடிதம், அனுப்பியாயிற்று. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தாவர நோயியலை யார் எடுக்கிறார்களோ. எடுக்காமலே விடுகிறார்களோ.

கட்டில், கழிவறை, ஜன்னலோர நாற்காலி. அவ்வளவுதான் என் எல்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில். அதன்மேல் ஒரு பூனை, என்னைவிடச் சுதந்திரமாக.

இன்னொரு வேலை: ஓநாய்கள். தீபாவளிக்கு ஹாஸ்டலிலிருந்து வந்த மகள் தாரணி என் போனில் ஏற்றிவிட்டுப் போன ஆன்லைன் விளையாட்டு. ஒரு கூட்டத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அவளுக்கு அங்கே போன் கிடையாது. ரிப்பீட்டர் பேட்ச், நீட்டை இரண்டாம் முறை எழுதி முடிக்கும் வரை. "சும்மாதான படுத்திருக்கறீங்க, இதுகளப் பாத்துக்கங்கம்மா. நாம உள்ள போகாட்டியும் அதுகளுக்குப் பசிக்கும்." கடைசியாகக் காருக்குள்ளிருந்து கண்ணாடியை இறக்கிச் சொன்னதும் இதைத்தான்: "கொன்னுபோடாதீங்க."

பெயர்கள் எல்லாம் காங்கேயம் மாட்டு நிறம். மயிலை: சாம்பல் நிறப் பெண், கூட்டத்தின் தாய். நான் ஓட வேண்டியது இவளாக. காரி: இவள் துணை. செவலை, பில்லை: வளர்ந்த பிள்ளைகள். குட்டிகள் நான்கு, இன்னும் பெயரில்லை.

திரையில் 'ஆல்ஃபா' என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லை ஓநாய் ஆராய்ச்சிக்காரர்களே கைவிட்டாயிற்று என்று எங்கோ படித்த நினைவு. கூட்டம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள். வேறு மர்மம் இல்லை.

காடு முழுக்க ஒரே பைன் மரம். நகலெடுத்து நட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 5, புதன்

கற்றுக்கொண்டவை. எனக்காக மட்டும், மறந்துவிடுகிறது:

— முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். காற்று முதுகில் இருந்தால் மான் ஓடிவிடும்.

— முயலில் தொடங்கு. எல்க் மான் வேண்டாம். உதைக்கும். (உதைத்தது. பாதி உயிர் போயிற்று.)

— தனியாகப் பெரிய மானைத் துரத்தாதே. காரியைக் கூப்பிடு.

— மந்தையை ஒருமுறை விரட்டு. எது பின்தங்குகிறதோ அதை எடு. திரைக் குறிப்பில் இதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். தாரணியின் ஹாஸ்டலில் வாராவாரம் டெஸ்ட் வைத்து, வரிசை எண்ணை அவள் அப்பாவுக்குச் செய்தியாக அனுப்புகிறார்கள். சாப்பிடும்போது வாசித்துக் காட்டுவார்.

— எல்லையில் சிறுநீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் நிலம் நம்முடையதில்லை.

— அடுத்த கூட்டத்து எல்லையில் நின்று ஊளையிடாதே.

கடைசியதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். போனில் சத்தம் முழுதாக இருந்திருக்கிறது. சரசக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். நாய் உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தாளாம். "ஏனுங் டீச்சர், அத்தன பேருக்குப் பாடம் சொல்லிக் குடுத்துப்போட்டு, இப்ப நாய் கிட்டயா படிச்சுட்டிருக்கறீங்க?" நாயில்லை, ஓநாய் என்றேன். "ரெண்டுத்துக்கும் சோறு போட்டாத்தானுங்" என்று போய்விட்டாள்.

நவம்பர் 7, வெள்ளி

மயிலை இறந்துவிட்டாள்.

நான்தான். ஒளிக்க என்ன இருக்கிறது, இதை யார் படிக்கப் போகிறார்கள்.

நேற்றும் முந்தாநாளும் நல்ல வேட்டை. மான்குட்டி. வீழ்த்தியதும் காரி, செவலை, பில்லை எல்லாரும் ஓடி வந்தார்கள். மயிலையைத் தள்ளி நிற்க வைத்தேன். மற்றவர்கள் முடிக்கட்டும் என்று. யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. அவர்கள் முடித்தபோது எலும்புதான். சரி, அடுத்த வேட்டையில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்ததிலும் அதே.

இன்று குகைக்கு வந்தாள். குட்டிகள் ஓடி வந்து அவள் வாயை நக்கின. ஓநாய்த் தாய் இறைச்சியை வயிற்றில் சுமந்து வந்து, கக்கித்தான் குட்டிகளுக்கு ஊட்டும். நிஜத்திலும் அப்படித்தான். பொத்தானை அழுத்தினேன். 'வயிறு காலி.' மறுபடி. 'வயிறு காலி.' குட்டிகள் விடவில்லை, நக்கிக்கொண்டே. அவள் படுத்துக்கொண்டாள். திரை சாம்பலாகியது. 'மயிலை பட்டினியால் இறந்தாள். காரியாகத் தொடரலாமா?'

தொடர்கிறேன் என்று அழுத்திவிட்டு மூடிவிட்டேன்.

பிறகு உதவிப் பக்கத்தைத் திறந்தேன். தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கு, முதல் வரி: முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், உங்கள் வயிற்றில் இல்லாததை நீங்கள் யாருக்கும் தர முடியாது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. நான்கு நாட்களாக நான் பார்த்தது குட்டிகளின் பசி அளவை மட்டும்.

மேசையில் என் சாப்பாடு மூடியபடி. அவர் பட்டறையிலிருந்து இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாரணி கேட்பாள்.

நவம்பர் 9, ஞாயிறு

பெற்றோர் பார்க்கும் நாள். திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம், காரில் போய்வர ஒரு பகல் போய்விடும். இந்தக் காலோடு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவர் மட்டும். கேரியரில் பள்ளிபாளையம் சிக்கன், தக்காளிச் சாதம். காரம் குறைவாகப் போடச் சொல்லியும் சரசக்கா கேட்கவில்லை.

மத்தியானம் அவர் போனிலிருந்து தாரணி.

கால் எப்படி இருக்கிறது என்றாள். பரவாயில்லை என்றேன். வெயிலா மழையா என்றாள். மழை. பிறகு:

"மயிலை சாப்பிடறாளாங்கம்மா?"

"நல்லா சாப்பிடறா கண்ணு."

"சரிங்க."

"நீ?"

"நானும் நல்லா சாப்பிடறனுங்க."

அதற்குள் அவர் வாங்கிவிட்டார்.

சாயங்காலம் வந்ததும் செய்தி: நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் இளைத்திருக்கிறாள், அந்த வயதுக்கு நல்லதுதான். வரிசையில் சற்று இறக்கம். டியூட்டரைப் பார்க்க அவர் உள்ளே போனபோது, உன்னிடம் பேசட்டும் என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். வெகுநேரம் பேசினீர்களோ என்றார். இல்லை, நீங்கள் போனை வாங்கும்போது பேசியதுதான் என்றேன். சரி என்று குளிக்கப் போய்விட்டார்.

அவளிடம் பொய்தான் சொன்னேன். டெஸ்ட் சமயம். ஒரு பொம்மை செத்ததற்கு அவள் அழ வேண்டாம்.

நவம்பர் 10, திங்கள்

தூறல் விட்டுவிட்டு. துவைத்த துணி உள்ளறையில், ஈர வாடை.

கேரியரைக் கழுவப் போன சரசக்கா திரும்பி வந்து கதவருகே நின்றாள். "தாரணி அம்மணிக்கு என் சமையல் புடிக்காமப் போச்சுங்களா? மேல ஒரு கரண்டி எடுத்த அடையாளங்கூட இல்லீங்க." அவரிடம் போனில் கேட்டேன். ஹாஸ்டலிலேயே சாப்பிட்டு முடித்திருப்பாள் என்கிறார். பார்க்கும் நாளில் அங்கே மத்தியானச் சமையல் கிடையாது என்று போன மாதம் சொன்னவரும் அவர்தான்.

வெள்ளிக்குப் பிறகு இன்றுதான் விளையாட்டைத் திறந்தேன். நான்கு குட்டிப் பிணங்களை எதிர்பார்த்து. இல்லை. குகை ஆற்றுக்கு அக்கரையில், புது இடத்தில். குட்டிகளின் வயிறு நிறைந்திருக்கிறது. காரி காவலில். நான் எதுவும் செய்யவில்லை.

புதியவர்கள்மேல் இரக்கப்பட்டு விளையாட்டே செய்திருக்குமோ? மென்பொருளின் இரக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவுச் சாப்பாட்டில் அவரிடம் ஓநாய் ஏதாவது விளையாடினீர்களா என்றேன். வலி மாத்திரையை மாற்றச் சொல்லலாமா என்று கேட்டார்.

நவம்பர் 12, புதன்

மழை வலுத்துவிட்டது. மின்சாரம் போய்ப்போய் வருகிறது. விளையாட்டின் அமைப்புகளைக் குடைந்ததில் கண்டது: இந்தக் கணக்கு இரண்டு போன்களில் திறக்கப்பட்டிருக்கிறது. ஒன்று என்னுடையது. மற்றது ஞாயிற்றுக்கிழமை. போன் வகை போட்டிருக்கிறது. அவருடையது.

ஹாஸ்டல் போட்டோ ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டு அவர் போனை வாங்கினேன். வரிக் கணக்குச் செயலிக்கும் கால்குலேட்டருக்கும் நடுவில் ஓநாய் முகம். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அப்படியென்றால்: அவர் டியூட்டரோடு பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் அங்கே எங்கோ உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் திறக்காத கேரியர். விளையாட்டை ஏற்றினாள். மயிலை இறந்துகிடப்பதைப் பார்த்தாள். காரியாக வேட்டைக்குப் போனாள். குட்டிகளுக்கு ஊட்டினாள், குகையை மாற்றினாள். எல்லாம் முடித்துவிட்டு எனக்குப் போன் செய்து, மயிலை சாப்பிடுகிறாளா என்று கேட்டாள்.

நல்லா சாப்பிடறா கண்ணு.

சரிங்க.

குரலில் ஒரு பிசிறு இல்லை. என் குரலிலும் இல்லை. யாரிடம் கற்றாள் என்று தேட வேண்டியதில்லை. நான் அதே குரலில்தான் இருபது வருடமாக இந்த வீட்டில் பரவாயில்லை என்று சொல்லி வருகிறேன்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தப் பொய் இல்லை. அதற்கு அடுத்த வரி. நானும் நல்லா சாப்பிடறனுங்க.

நவம்பர் 13, வியாழன்

அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதரில்லை, அதுதான் சிரமம். "ஒரு கேரியரையும் ஒரு கேமையும் வெச்சுட்டு இவ்வளவு பெருசாக் கோட்ட கட்டறயே. இன்னும் ஆறு மாசம். பல்லக் கடிச்சுட்டு இருந்தா முடிஞ்சுபோகும். ஊரே புள்ளைகளக் கொண்டுபோய் அங்கதான் உடுது."

ஊரில் நாங்களும் உண்டு. சேர்த்த அன்று மறுத்துப் பேசியவர் யாருமில்லை.

தீபாவளிக்கு வந்தபோது முறுக்கை உடைத்து உடைத்துத் தட்டிலேயே வைத்திருந்தாள். விளையாட்டு மும்முரம் என்று நினைத்தேன்.

ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். ஞாயிறுதான் பேச முடியும், மேடம், எல்லாருக்கும் ஒரே விதி என்றாள் ஒரு பெண். மரியாதையாகத்தான். பக்கத்தில் எங்கோ மணி அடித்தது, நிறையக் காலடிச் சத்தம். அடுத்த பார்க்கும் நாள் டிசம்பரில்.

கட்டில், கழிவறை, ஜன்னல். பூனையைக் காணோம்.

நவம்பர் 15, சனி

ஓட்டுநரோடு வண்டி அனுப்பும் இடத்தில் விசாரித்தேன். காலை நீட்டி உட்கார முன் சீட்டு தாராளமாக இருக்கும் வண்டி உண்டாம். சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அடிபட்ட ஓநாய் குகையைவிட்டு நகரக் கூடாது என்றும் அந்த உதவிப் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவர்களுக்கு எல்லாம் தெரியும்.

குட்டிகள் வளர்கின்றன. காரியாக ஓடப் பழகிவிட்டேன். முதலில் காரிக்கு ஊட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் மனசு ஒப்பவில்லை. ஊட்டுகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஹாஸ்டல் போனிலிருந்து தாரணி. பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் சத்தம், வார்டன் குரல். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

கால் எப்படி என்று தொடங்கினாள். நான் விடவில்லை.

"கண்ணு, மயிலை செத்துப்போச்சு. நாந்தான் கொன்னுபோட்டேன். போன வாரம் பொய் சொன்னேன்."

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன்.

"தெரியுங்கம்மா."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

பிறகு கொஞ்சம் கோபமாக, "அவள நீங்க சாப்பிடவே உடலீங்க. எல்லாருக்கும் குடுத்துட்டு சும்மா நிக்க வெச்சிருக்கறீங்க."

"ஆமா." பிறகு கேட்டேன். "நீ சாப்பிடறயா?"

வார்டன் நேரமாச்சு என்பது கேட்டது. அவர் பேப்பரை மடித்துவிட்டார்.

"இல்லீங்கம்மா. வாய்க்கிட்ட கொண்டுபோனாலே குமட்டுதுங்க. ரெண்டுவாட்டி கிளாஸ்ல மயங்கி உழுந்துட்டேன். அப்பா கிட்டச் சொல்லாதீங்க."

அப்பா எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, மதில்தான்.

நாளைக்கு வருகிறேன் என்றேன். "கால்?" என்றாள். கால் இருக்கிறது என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

மழை இல்லை. மேற்கே மலை தெளிவாக.

வண்டிக்குச் சொல்லியாயிற்று. டாக்டரிடம் சொல்லவில்லை. சாமான்: வாக்கர், தலையணை இரண்டு, வலி மாத்திரை, புளிப்பு மிட்டாய், தாரணியின் பழைய போன்.

சரசக்காவுக்கு எதுவும் சொல்லாமலே தெரிந்திருந்தது. சுட்ட இட்லியை அவர் தட்டில் வைக்கப் போனவளிடம் என் தட்டை நீட்டினேன். நான்கு, தேங்காய்ச் சட்னி. அவர் நின்றுகொண்டே இருந்தார், நான் முடிக்கும் வரை. பிறகு வாடகை வண்டி வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்றார். "டியூட்டர்கிட்ட என்ன சொல்றது?" என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

குட்டிகளுக்குக் காலையிலேயே ஊட்டிவிட்டேன். காரி காவல்.

முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால்தான் கால் நீளும். என் பின்பக்கம் இடம் போய்விடும். டிக்கியில் இருக்கும் பட்டறைச் சாமான்களை இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்பும்போது அவள் படுக்கை, டிரங்குப் பெட்டி, வாளி, புத்தகம், எல்லாம் வர வேண்டும்.