மஞ்சக்கொடிக் கப்பலில் வந்த மைனிக்கு

என் செல்ல மைனி,

உன் வாயாடி நாத்தனார் எழுதுகிறேன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மெமோ வந்திருக்கிறது. ஆமாம், எனக்கேதான். முத்திரை குத்தி, இங்கிலீஷில் டைப் அடித்து, கீழே பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டு. மூன்று நாளைக்குள் பதில் எழுத வேண்டுமாம். பதிலை அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் உனக்கு எழுதுகிறேன். விஷயம் முதலில் தெரிய வேண்டியவள் நீதானே?

இந்தத் தீவில் குடியேறிய நம் ஆட்கள் அபர்டீன் பஜாரில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். அதில் இதைப் போடச் சொல்லிவிட்டேன். ஊரே படிக்கட்டும். பெரிய டாக்டர் மதராஸ்காரர், அவருக்கும் தமிழ் தெரியும். படித்தால் படிக்கட்டும், எனக்கென்ன?

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. ஃபீனிக்ஸ் பே மேட்டில், எல்லாரும் தகர ஆஸ்பத்திரி என்பார்களே, நீ கண்ணை மூடிய அதே இடத்தில்தான் நான் இப்போது வேலை பார்க்கிறேன். முதலில் ஆயாவாகச் சேர்ந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவள் என்று தெரிந்ததும் அட்டை ரூமுக்கு மாற்றினார்கள். வருகிற நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. என்ன நோய், என்ன மருந்து கொடுத்தது, எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில் இருக்கும். டாக்டர் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அட்டையைத் தேடி எடுத்து அவர் மேசையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அந்த அவ்வளவு ஒழுங்காக நடக்காமல்தான் உன்னைப் பறிகொடுத்தோம்.

உனக்கு நடந்ததை உனக்கே சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்கு முழுசாகத் தெரிந்திருக்காது.

முதல் தடவை கக்கத்தில் கட்டி வந்து அண்ணன் உன்னைக் கூட்டிக்கொண்டு போனானே, அன்றைக்குப் பென்சிலின் ஊசி போட்டதும் உனக்கு முகமெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்தது. அப்போதிருந்த பழைய டாக்டர் உன் அட்டையில் சிவப்புப் பென்சிலால் பெரிய பெருக்கல் குறி போட்டு, பென்சிலின் கூடாது என்று எழுதினார். அந்த அட்டையை அண்ணன் பேர் எழுதிய கட்டுக்குள் வைத்தார்கள். நிலம் கொடுக்கிற ஆபீஸில் குடும்பத் தலைவன் பேரில்தானே எல்லாம் இருக்கும்? ஆஸ்பத்திரியிலும் அதே வழக்கம். பெண்பிள்ளைக்கு என்ன நோய் என்றாலும் முதலில் புருஷன் பேர்.

அந்தப் பேரைத்தான் நீ செத்தாலும் சொல்ல மாட்டாயே! கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லும்போது அண்ணன் பேர்கொண்ட புனிதர் வந்தால் உனக்குச் சரியாக ஓர் இருமல் வரும். நான் பக்கத்தில் முழங்காலில் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குவேன். "ஏட்டி, சும்மா கிட. அவிய பேர நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று தொடையில் கிள்ளுவாய். இந்தக் கடிதத்தில்கூட உன் முன்னால் அந்தப் பேரை எழுதாமல்தான் வருகிறேன், பார்த்தாயா? உன் மரியாதைக்காக.

இரண்டாவது தடவை வண்டூர் கரையில் மீன்முள் குத்தி உன் பாதம் வீங்கியது. அண்ணன் கடலுக்குப் போயிருந்தான். துணைக்கு நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு ரவிக்கை தைக்க வைத்திருந்த நீலத்துணியை எடுத்து உன் மகள் ரீத்தாவுக்குக் கவுன் வெட்டிவிட்டாய் என்று அன்று காலையில் உன்னோடு சண்டை போட்டேன். "நீ என்ன சின்னப்புள்ளையா, தனியாப் போயேன்" என்று சொன்னது இந்த வாய்தான். நீ ரீத்தாவை என்னிடம் விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே லாரியில் ஏறினாய். நான் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததை அங்கே ஆயாவாக இருந்த ஒரு ராஞ்சிக்காரி எனக்குச் சொன்னாள். அட்டை எழுதுகிற பாபு, "ஆத்மி கா நாம் போலோ" என்றானாம். உன் ஆளின் பேரைச் சொல் என்று. நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மச்சிலி வாலா" என்றாயாம். இங்கே பாதிப் பேர் மீன்காரர்கள்தானே என்று அவன் சிரித்தானாம். "வண்டூர் வாலா" என்றாயாம். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவன் அலுத்துப்போய், சரி அப்பன் பேரையாவது சொல் என்றான். அதை மட்டும் பளிச்சென்று சொன்னாய். உன் அப்பா பேரில் ஒரு புது அட்டை எழுதினான். சிவப்பு இல்லாத, சுத்தமான வெள்ளை அட்டை.

கம்பவுண்டர் அதைப் பார்த்துத்தான் ஊசி போட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லையாம்.

எனக்குக் கம்பவுண்டர்மேல் கோபம், பாபுமேல் கோபம். உன்மேலும்தான் கோபம், மைனி. இரண்டே எழுத்துப் பேர்! சொன்னால் நாக்கு வெந்தா போயிருக்கும்? நான் கூட வந்திருந்தால் பாபு கேட்பதற்கு முன்னாலேயே கத்திச் சொல்லியிருப்பேனே. அவன் எனக்கு அண்ணன்தானே, எனக்கென்ன வெட்கம்? ஒரு ரவிக்கைத் துணிக்காக உன்னைத் தனியாக அனுப்பினேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

அட்டை ரூமுக்குப் போன முதல் வாரமே உன் இரண்டு அட்டைகளையும் தேடிப் பிடித்துவிட்டேன். ஒன்று அந்தச் சுவரோரம், ஒன்று இந்தச் சுவரோரம். நடுவே நாலு எட்டுத்தான். இரண்டையும் சேர்த்து நூல் போட்டுத் தைத்தேன். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன், இந்த வரிசையை நான் உடைப்பேன் என்று.

எப்படி உடைப்பது என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களே காட்டிக்கொடுத்தார்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளம், ராஞ்சி, நம் ஆட்கள், எல்லாரும் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான்: "ஆப் கோன் ஸா ஜஹாஸ் மே ஆயா?" எந்தக் கப்பலில் வந்தாய்? பிறந்த தேதி தெரியாது, வயசு தெரியாது, புருஷன் பேர் வாயில் வராது. வந்த கப்பலை மட்டும் ஒருத்தியும் மறக்கவில்லை. எருமை கடலில் விழுந்த கப்பல், இரட்டைப் பிள்ளை பிறந்த கப்பல், அரிசி நனைந்த கப்பல். நம்முடையது மஞ்சக்கொடிக் கப்பல். யாருக்கோ அம்மை என்று மஞ்சக் கொடி ஏற்றி, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஐந்து நாள் நம்மை நிறுத்தி வைத்தார்களே. கல்யாணப் புடவையோடு வாந்தி எடுத்துக்கொண்டே, "எந்த ஊருக்குட்டி என்னக் கூட்டிட்டு வந்திய?" என்று நீ என்னைத் திட்டிக்கொண்டே வந்தாய்.

பழைய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். உன் இரண்டு அட்டைகளையும் பார்த்துவிட்டு, "செய்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். ஒரு வருஷம் பிடித்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தட்டு. அதற்குள் அவரவர் சொந்தப் பேர். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பழைய குடும்பங்களுக்குக் கப்பல் கிடையாது, அவர்களுக்கு ஊர்வாரியாகத் தட்டு. ஆளுக்கொரு எழுத்துப் படிக்கிற ஆஸ்பத்திரி அல்லவா, அதனால் தட்டுக்குத் தட்டு படம் வரைந்து ஒட்டினேன். எருமை, அரிசி மூட்டை, மஞ்சக் கொடி. என் எருமையைப் பார்த்து நாய் என்றவர்களும் உண்டு. ஆனால் அட்டை கிடைத்தது.

போன மழைக்காலத்தில் ஒரு வங்காளிப் பெண் கையில் வெட்டுக்காயத்தோடு தனியாக வந்தாள். புதிதாகச் சேர்ந்த பாபு வேறு ஆபீஸ் பழக்கதோஷத்தில் புருஷன் பேரைக் கேட்டுவிட்டான். அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள். ஓடிப்போய், "கோன் ஸா ஜஹாஸ், தீதி?" என்றேன், எந்தக் கப்பல் அக்கா என்று. "பைன்ஸ் வாலா" என்றாள். எருமைக் கப்பல். போய் எடுத்தால் அட்டையில் சிவப்புப் பெருக்கல். கம்பவுண்டர் அதற்குள் ஊசியில் மருந்தை நிரப்பியே விட்டார். "ருக்கோ!", நிறுத்து என்று நான் போட்ட சத்தம் கப்பல்துறைவரை கேட்டதாம். அவள் பிழைத்துப் போனாள். போகும்போது எனக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்தாள்.

இரண்டு மாதம் முன்பு பழைய டாக்டர் ஓய்வு பெற்றார். புதியவர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், நன்றாக வைத்தியம் பார்க்கிறார். கூடவே பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு அலமாரிகளும் மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கின. அவற்றில் அட்டைகளை அடுக்கி, என் படங்களையும் ஒட்டினேன். அன்றைக்கு அவர் அட்டை ரூமுக்குள் வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? ஆஸ்பத்திரியா, மாட்டுத் தொழுவமா?"

"எருமைக் கப்பல் சார். நூத்துச் சொச்சம் குடும்பம் அதுல வந்தாங்க."

"அதெல்லாம் வேண்டாம். குடும்பத் தலைவர் பேர், இங்கிலீஷ் எழுத்து வரிசை. மெயின்லேண்ட்ல எங்கயும் கப்பல் பேர்ல ரிக்கார்டு கிடையாது, தெரியுமா?"

"மெயின்லேண்ட்ல எல்லாரும் கப்பல்லயா சார் வந்து எறங்குனாங்க?"

கம்பவுண்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். டாக்டருக்கு முகம் சிவந்தது. நான் வங்காளிப் பெண்ணின் கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "சரிம்மா. ஒரு கேஸை வச்சு ரூலை மாத்த முடியாது" என்றார்.

நான் மஞ்சக்கொடித் தட்டைத் திறந்து, நூலில் தைத்த அட்டைகளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இது ரெண்டாவது கேஸ் சார்."

முன்னால் இருந்ததைப் படித்தார். பின்னால் இருந்ததைப் படித்தார். மறுபடியும் முன்னால் வந்தார். "இது வேற வேற ஆளா?" என்று கேட்டார்.

"ஒரே ஆள்தான் சார். எங்க மைனி."

அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் மெமோ வருகிறது! மாத முடிவுக்குள் அட்டைகளைக் குடும்பத் தலைவர் பேரில் அடுக்க வேண்டும், படங்களைக் கிழிக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. அண்ணன் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "ஏட்டி பிலோமி, சோத்துல மண்ணப் போட்டுக்காத. அவுக சொல்லுத மாதிரி செஞ்சிட்டுப் போ" என்கிறான். ஏழு வருஷமாக உன் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறவன் சொல்கிற பேச்சா இது? நன்றாகக் கேட்டுவிட்டேன். பிறகு அழுதான். நானும் அழுதேன்.

ஆனால் ஒன்று, மைனி. டைப் அடித்ததற்குக் கீழே ஓரத்தில் பென்சிலால் தமிழில் ஒரு வரி இருக்கிறது. டாக்டர் கையெழுத்துதான். "இனிமேல் இங்கேயே பிறக்கிற பிள்ளைகளுக்கு எந்தக் கப்பல்?" அவ்வளவுதான். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகத்தான் கேட்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் என்னிடம் பதில் இருக்கிறது.

அம்மா வந்த கப்பல். வேறென்ன? பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவள் யார்? தன் பேரைச் சொல்லவும் வந்த கப்பலைச் சொல்லவும் எந்த அம்மாவும் வாயைப் பொத்த வேண்டியதில்லை. ரீத்தாவின் அட்டை ஏற்கெனவே மஞ்சக்கொடித் தட்டில்தான் இருக்கிறது. தலைப்பில் உன் பேர்: அந்தோணியம்மாள் மகள். உன் பிள்ளைக்கு ஒன்பது வயசு ஆகிறது, என்னைவிடப் பெரிய வாய். நாளைக்கு அவள் புருஷன் பேரைத் தெருவில் நின்று கூப்பிடாவிட்டால் என்னை ஏனென்று கேள்.

மெமோவுக்குப் பதில் இன்று காலை எழுதி முடித்துவிட்டேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியுமே, அதனால் தமிழிலேயே எழுதினேன். அலமாரி சர்க்காருடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்ற மாட்டேன். படத்தைக் கிழிக்க மாட்டேன். மாற்றித்தான் தீர வேண்டுமென்றால், மாற்றிய பிறகு ஊசி போட்டுக்கொள்ளத் தனியாக வருகிற முதல் பெண்ணுக்கு நான் பொறுப்பில்லை, நீங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கீழே அவருடைய பென்சில் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டேன்.

அவர் கையெழுத்துப் போடுவாரா, என்னை வீட்டுக்கு அனுப்புவாரா? பார்க்கலாம். அனுப்பினால் அனுப்பட்டும். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், மைனி. ரூமுக்குள்ளே விடாவிட்டால் வாசல் பெஞ்சில் போய் உட்காருவேன். தனியாக வருகிற ஒவ்வொருத்தியிடமும், எந்தக் கப்பல் என்று நானே கேட்பேன். சிவப்புக் குறி போட்டவள் ஒருத்தியும் என்னைத் தாண்டி ஊசிக்குப் போக மாட்டாள். எத்தனை வருஷமானாலும் சரி.

கடைசியாக ஒன்று. இத்தனை நேரம் உன் மரியாதைக்காக எழுதாமல் வைத்திருந்தேன். நீ சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். அன்றைக்கு உன்கூட வந்து நான் சொல்லியிருக்க வேண்டிய பேரை இன்றைக்கு ஊரறியச் சொல்கிறேன். நீ வேண்டுமானால் இருமிக்கொள்.

சூசையின் தங்கச்சி,
உன் நாத்தனார்
பிலோமி