பின் டயர்கள் குறித்து அம்மா எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

கார் விற்கும் கடையின் வாசலில் நான் மறியல் செய்யவில்லை. முதலில் இதைத் திருத்திவிட வேண்டும். உன் சித்தி உன்னிடம் தொலைபேசியில் என்ன சொன்னாள் என்பதை அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள். நான் உட்கார்ந்தது வாசலில் அல்ல; உள்ளே, வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருக்கும் சோபாவில். குரலை உயர்த்தவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தேன். மறியல் செய்கிறவர்களுக்கு யாரும் காபி கொடுப்பதில்லை.

நீயும் மருமகளும் நலம்தானே? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சொன்னபடி கேட்கின்றன.

நம் தெருமுனைக்கு வந்த பஸ்ஸை நிறுத்தியதிலிருந்து, உன் சித்தி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பக்கம் யார் போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது. பிறருடைய பைகளோடு நானும் ஒரு பையாகப் பின்சீட்டில் போய்வந்தேன். அதனால்தான் இந்தப் பழைய காரை வாங்கினேன். உன் அப்பா இருந்த நாளிலும் மழையில் ஓட்டியது நான்தான் என்பது உனக்கு நினைவிருக்கும்.

பார்க்காமல் வாங்கவில்லை. கான்வென்ட்டில் காலை அணிவகுப்பில் சிஸ்டர் எங்கள் ஷூக்களைப் பார்ப்பாரே, அப்படி நான்கு டயர்களையும் சுற்றிவந்து பார்த்தேன். கன்னங்கரேலென்று பளபளத்தன. மனதுக்குள் முழு மதிப்பெண் போட்டு, தாளில் கையெழுத்தும் போட்டேன். தவறு அங்கேதான். சிஸ்டர் ஒருநாளும் ஷூவின் அடியைப் பார்த்ததில்லை, நானும் பார்க்கவில்லை.

மறுநாள், சித்தியை அழைத்துவந்து காரைக் காட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினேன். பின் டயர்களிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடியது. பாலீஷ் போனபின் பார்த்தால் ரப்பர் முழுவதும் வெடிப்பு. குனிந்து உள்விளிம்பைத் தடவினேன். குளியலறைத் தரைபோல வழவழவென்று இருந்தது. சித்தியும் தடவிவிட்டு, "என்னக்கா இது, முழு வழுக்கையா இருக்கு" என்றாள். குனிந்த என்னை நிமிர்த்தியதும் அவள்தான்.

உடனே கடைக்குப் போனோம். மேலாளர் டை கட்டிய இளைஞர். "ஆன்ட்டி, நீங்க ஓட்டுனதுல தேஞ்சிருக்கும்" என்றார். முதலில் ஆன்ட்டியைத் திருத்தினேன், பிறகு டயருக்கு வந்தேன். "நேத்து வாங்கின கார். ஒரே நாள்ல தேயுறதுக்கு நான் உலகத்தைச் சுத்தியா வந்தேன்?" என்று கேட்டேன். சித்தி நடுவில் புகுந்து வழுக்கை என்ற சொல்லை மறுபடியும் சொன்னாள். பாவம், அவர் கை தானாகத் தன் தலைக்குப் போனது. "இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்மா, நான் கேரண்டி" என்றார். நான் சோபாவில் உட்கார்ந்தது அப்போதுதான்.

கடை மூடும் நேரமாயிற்று. போனபோது இல்லாத மழை, கொட்டிக்கொண்டிருந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "ரொம்ப சந்தோஷம். வாங்க, உங்களை வீட்டுல விட்டுட்டுப் போறேன். பெரிய ரோட்டு வழியா போனா சீக்கிரம் போயிடலாம்" என்றேன். அவர் மழையைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே நின்ற காரைப் பார்த்தார். "பரவால்லம்மா, நான் பஸ்ல போயிக்கறேன்" என்றார். "ஏன், நீங்கதானே கேரண்டி?" என்றேன். வரவேற்பில் இருந்த பெண் திடீரென்று மேசைக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கினாள். இன்னொரு காபி வந்தது; அது ஆறுவதற்குள் இரண்டு புது டயர் என்று முடிவாகிவிட்டது. காரை அங்கேயே விட்டுவிட்டு டாக்சியில் திரும்பினோம். வழியெல்லாம் சித்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவள் உன்னை அழைத்தது அந்த உற்சாகத்தில்தான், அவளைக் கோபிக்காதே.

மறுநாள் காலை மேலாளரே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. நீ அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பியிருக்கிறாயாம். அது இருக்கும்வரை பட்டறையில் யாரும் அந்தக் காரைத் தொடக்கூடாதாம். அதைப் படித்துக் காட்டச் சொன்னேன். "வேணாம்மா" என்றார். வற்புறுத்தியபின் படித்தார். வயதான உன் தாய் விவரம் தெரியாமல் வாங்கிவிட்டதாகவும், காரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

என்மேல் உள்ள அக்கறையில் செய்தாய் என்று தெரியும். வாக்கியங்களும் நன்றாகவே அமைந்திருந்தன. ஆனால் செய்தி தவறு. டயரில் நான் ஏமாந்தேன். அதை நானே கண்டுபிடித்தேன், நானே போய்க் கேட்டேன், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இன்னும் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது நீ மட்டும்தான்.

நேற்றுச் சித்தி வீட்டுக்குப் போகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். நல்ல மனிதர், கேட்டவுடனே சரி என்றார். கேட்பதற்கு முன் அவர் வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பியது நான்தான்.

அடுத்த முறை வரும்போது விமான நிலையத்தில் டாக்சி தேட வேண்டாம். பாப்பா தூங்கிக்கொண்டே வரலாம். அவ்வளவு நிதானமாக ஓட்டுவேன். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

அந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள். கார் அம்மாவுடையது, அவர் சொல்வதே முடிவு என்று அவர்களுக்கு எழுது. தொலைபேசியில் பேசினால் நீ "பார்க்கலாம்மா" என்பாய், நானும் சரியென்று வைத்துவிடுவேன். ஆகையால் அழைக்க வேண்டாம். எழுதிவிட்டாய் என்பதை எனக்குக் கடிதமாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா