படுத்திருப்பவரின் இடப்பக்கம்

பிம்ப்ரி, புனே
9-3-2026

திரு. ஜம்புநாதன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மீது எனக்குள்ள குறைகளை முதலில் தேதிவாரியாகப் பதிவு செய்கிறேன்.

1. 25-7-2022: என் மகள் வைஷ்ணவி, நம் கல்லூரியின் மூன்றாம் மாடியில் நான் நடத்தும் உள்ளரங்க வடிவமைப்பு வரைகலை வகுப்பிலிருந்து, தரைத்தளத்தில் அன்று தங்கள் தலைமையில் இருந்த, இதயக் குழாய்களைச் சோதிக்கப் பழக்கும் கேத்லேப் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாறினாள். அவளைச் சேர்த்துக்கொள்ளத் தாங்கள் ஒப்புதல் அளித்தீர்கள். அவளுடைய தந்தை அப்போது அதே கட்டடத்தில்தான் இருந்தான். அன்று லிஃப்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு விஷயம் அலுவலக உதவியாளர் மூலம் மறுநாள் தெரிந்தது.

2. 11-2-2023: இதயத்தின் ரத்தக் குழாய்களை வரையச் சொன்ன வகுப்பில், வைஷ்ணவி இடது குழாயைத் தாளின் இடப்பக்கத்தில் வரைந்தாள். வீட்டு வரைபடம் பழகிய கை அப்படித்தான் வரையும். தாங்கள் அனைவர் முன்னிலையிலும், “ஏ கண்ணு, இது உங்கப்பா போடற ஃப்ளாட் இல்லடி. வாசல்ல நின்னுண்டு இடது வலது பாக்காதே. படுத்துண்டிருக்கறவனோட இடதுதான் நமக்கு இடது” என்றீர்கள். வகுப்பே சிரித்ததாம். அன்றிரவு சாப்பிடும்போது அவள் இதைத் தங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். அவள் அம்மா நீலாவும் சிரித்தாள். நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

3. 14-12-2024: பயிற்சிப் பொம்மையின் தொடைக் குழாய்க்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தும் தேர்வில் வைஷ்ணவி முதலிடம் பெற்றாள். பரிசளிக்கும் மேடையில் தாங்கள் “பிறவிக் கை” என்று புகழ்ந்தீர்கள்.

4. 22-8-2025: எனக்கு ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது. இதைக் கீழே விரிவாக எழுதியுள்ளேன்.

5. 1-3-2026: கோயம்புத்தூரிலிருந்து வைஷ்ணவியைத் தொலைபேசியில் அழைத்து, தாங்கள் இப்போது பொறுப்பிலிருக்கும் மருத்துவமனையில் ஜூலை முதல் வேலை தருவதாகச் சொன்னீர்கள். அதே எண்ணிலிருந்து என்னையும் அழைத்திருக்கலாம்.

கல்லூரிக்கு ஒரே நாளில் வேலைக்கு வந்தவர்கள் நாம். “டேய் ஜம்பு” என்று அழைத்துப் பழகியவன் இப்படி எழுதுவது தங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு இந்தத் தூரம் தேவைப்படுகிறது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. வைஷ்ணவிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். இரண்டு வரிக்கு மேல் பொறுமை இருக்காது.

மூன்றாவது குறையை விளக்க வேண்டும். அது பிறவிக் கை அல்ல. பென்சிலால் நீளக் கோடு இழுக்கும்போது, முனை ஒரே பக்கம் தேயாமலிருக்க, விரல்களுக்கிடையே அதை மெல்லச் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் கோடு தொடங்கிய தடிமனிலேயே முடியும். பள்ளி விடுமுறைகளில் என் வரைபலகையில் நான் அவளுக்குப் பழக்கியது அது. தங்கள் பொம்மைக்குள் கம்பியைச் செலுத்தியபோது அவள் விரல்கள் அதைத்தான் செய்தன. மூன்றாவது வரிசையில் அமர்ந்து பார்த்தேன். மேடையில் தாங்கள் என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பிறவியின் பெயரைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

கோயம்புத்தூர் போகும்போது தாங்கள் பூட்டிச் சென்ற மேல்மாடி ஃப்ளாட் பத்திரமாக இருக்கிறது. நீலா முழங்கால் வலியோடு வாரம் இருமுறை மாடியேறி, தங்கள் பால்கனியிலுள்ள கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுகிறாள். நான் விடுவதை நிறுத்திவிட்டேன். மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறேன். சென்ற மாதம் கொழுப்பு சற்றுக் கூடியிருந்தது. அந்த அறிக்கையைப் படம் எடுத்து வைஷ்ணவி முதலில் தங்களுக்கு அனுப்பினாள். “ஜம்பு மாமா ஒண்ணும் இல்லன்னுட்டார்பா” என்று பிறகு எனக்குச் சொன்னாள். என் ரத்தத்தைப் பற்றிய செய்தி கோயம்புத்தூர் போய்த்தான் என்னிடம் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

இனி ஆகஸ்ட் 22. மார்பில் இறுக்கம் என்று நான் சொன்னதும் ஆட்டோ பிடித்து அழைத்துப் போனவள் வைஷ்ணவி. வழியெல்லாம் ஓட்டுநரிடம் மராத்தியிலும் தங்களிடம் தொலைபேசியிலும் பேசினாள். அவள் பயிற்சி பெற்றுவந்த, நம் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையின் கேத்லேபுக்கு அன்று தாங்களே பொறுப்பு. சலனமில்லாமல் எல்லாவற்றையும் செய்தீர்கள். அதை மறுக்கவில்லை. மருத்துவர் என் மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்தினார். நான் விழித்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் திரைகளின் முன் தாங்கள் அமர்ந்திருந்தீர்கள். தங்கள் நாற்காலிக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள்.

மருந்து பாய்ந்ததும் மார்பில் வெதுவெதுப்பு பரவியது. திரையில் என் குழாய்கள் தோன்றியிருக்க வேண்டும். தலையைச் சற்றுத் திருப்பி அவளைத் தேடினேன். பயந்திருப்பாள், நான் ஒரு பார்வை பார்த்தால் தைரியம் வரும் என்று நினைத்தேன். அவள் திரையைப் பார்த்தாள். உடனே குனிந்து தங்கள் முகத்தைப் பார்த்தாள். தாங்கள் தலையசைத்தீர்கள். அவள் தோள்கள் தளர்ந்தன. மூச்சு விட்டாள். அதன் பிறகுதான் நான் அங்கே படுத்திருப்பது அவளுக்கு நினைவு வந்து, கையை ஆட்டினாள்.

அடைப்பு நீங்கியது. குழாயில் பொருத்திய ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது. நான் சொல்வது அதைப் பற்றியல்ல என்று தங்களுக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் வேலையைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “நீங்க ஓகே சொன்னாத்தான் போவேன். ஆனா அங்க மாமா இருக்கார்ப்பா, டென்ஷன் மத் லோ.” டென்ஷன் ஆகாதீங்க என்று ஹிந்தியில் ஆறுதல் சொன்னாள். நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. இன்று காலை தோசைக்குக் காத்திருக்கும்போது, “அப்பா, யோசிச்சீங்களா?” என்று மறுபடி கேட்டாள். யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

அந்த வேலையைத் திரும்பப் பெறும்படி நான் கேட்பேன் என்று தாங்கள் எதிர்பார்க்கலாம். கேட்டால் அவள் இங்கேயே தங்கிவிடுவாள். தங்கி, தினமும் தங்களோடு தொலைபேசியில் பேசிச் சிரிப்பாள். அடுத்த அறையிலிருந்து அதை நான் கேட்க வேண்டும். ஆகவே அதைக் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே. அந்த வேலையில் ஒரு நாள், மேசையில் படுத்தவர் எழுந்திருக்கமாட்டார். அவள் கண் முன்னாலேயே அது நடக்கும். அவள் வழக்கம்போலத் தங்கள் முகத்தைப் பார்ப்பாள். தேற்றுவதில் தாங்கள் கெட்டிக்காரர். இரண்டு வார்த்தையில் அவளைச் சரிசெய்துவிடுவீர்கள். அன்று அதைச் செய்யக் கூடாது. ஒரு வார்த்தையும் பேசாமல் அவளை வெளியே அழைத்துப் போய், “அப்பாவுக்கு போன் பண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு, தாங்கள் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். எந்த நேரமானாலும் எடுப்பேன். அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்கு இப்போது தெரியாது. அது என் பாடு.

இதற்குச் சம்மதம் என்பதைத் தங்கள் கைப்பட எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப், குரல்பதிவு, நீலா மூலம் சொல்லியனுப்புவது எதையும் ஏற்கமாட்டேன். தங்கள் பதில் 25-3-2026 புதன்கிழமை மாலைக்குள் என்னிடம் வந்து சேர வேண்டும். வந்த அன்றே வைஷுவிடம் போகச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அச்சுதன்