அவசர நாளுக்கான இயந்திரம்

மேடம்,

இன்று காலை என் மகள் சப்போட்டா ஜூஸை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அப்பா, இதுல பூண்டு வாசனை வருது" என்றாள். பாலும் பழமும் போட்டு அடித்தவன் நான்தான். ஜாரைத் தேய்த்துக் கழுவியவனும் நான்தான். பளபளவென்றுதான் இருந்தது. சந்தேகத்தோடு மூடியைத் திருப்பி, விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். முந்தாநாள் அரைத்த பூண்டுச் சட்னி அங்கே சௌகரியமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் கோபித்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிப் போனாள். நான் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கண் கலங்கிவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒரு மிக்ஸி மூடி என்னை அழவைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

நம் மாத்திரைத் தொழிற்சாலையில் நீங்கள் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவி, நான் இயந்திரங்களுக்குப் பொறுப்பு. 'நிறுத்து' என்பது உங்கள் வேலை, 'ஓடட்டும்' என்பது என் வேலை. அப்புறம் சண்டைக்குக் கேட்கவா வேண்டும். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவோம். "ஏனுங்க சார், நேத்து அந்த வால்வ மாத்தறேன்னீங்களே, மாத்தியாச்சுங்களா?" என்று நீங்கள் உங்கள் அனூர்க் கொங்குத் தமிழில் மரியாதை குறையாமல் கேட்பீர்கள். அந்த 'ங்க'வில் இருக்கும் மிரட்டல் எனக்குத்தான் தெரியும். இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து கன்னடமும் தமிழும் கலந்தடித்துப் பேசும் எனக்கு, உங்களிடம் திட்டு வாங்குவதுகூட ஏதோ உபசாரம் போலக் கேட்கும்.

ஒரு வருடம் முதலாளி குழந்தைகளுக்கான வைட்டமின் மாத்திரை செய்ய முடிவெடுத்தார். ஆரஞ்சு வாசனையோடு சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை. அதுவரை நாம் செய்துகொண்டிருந்தது பெரும்பாலும் சர்க்கரை நோய் மாத்திரை. மருந்துப் பொடியையும் மாவையும் பசைநீர் விட்டுப் பிசைந்து குருணையாக்கித் தரும் பெரிய கலவை இயந்திரம் ஒன்று புதிதாக வாங்க வேண்டும். அது ஒன்றே இரண்டு மாத்திரைகளுக்கும் பொது. ஒரு வாரம் இது, மறு வாரம் அது, நடுவில் நன்றாகக் கழுவிக்கொள்ளலாம் என்பது முதலாளியின் கணக்கு. சட்டப்படி அதில் தவறில்லை. நன்றாகக் கழுவினால் சரிதான்.

பெங்களூரில் ஓர் இயந்திரத் தயாரிப்பாளரின் காட்சிக்கூடத்துக்கு முதலாளி, நீங்கள், நான் மூவரும் போனோம். முதலாளி அங்கிருந்த ஓர் இயந்திரத்தின் படத்தைப் பார்த்தே மனதைப் பறிகொடுத்திருந்தார். நேரில் இன்னும் அழகு. முகம் பார்க்கலாம் போன்ற எஃகு. பக்கத்தில் வண்ண வண்ணமாக ஒளிரும் திரை. விரலால் தொட்டால் சுழல்கிறது, தொட்டால் நிற்கிறது, தொட்டால் தானே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொள்கிறது. அதை விற்க வந்தவர் ஓசூர்க்காரர், நல்ல பேச்சாளி. முதலாளியிடம் கன்னடத்திலும் நம்மிடம் தமிழிலும் மாற்றி மாற்றிப் பொழிந்தார். முதலாளி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நானும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

நீங்கள் மட்டும் திரைப் பக்கமே போகவில்லை. "ஓட்டுனது போதுங்க. கழட்டிக் காட்டுங்க" என்றீர்கள்.

அவருக்குப் புரியவில்லை. கழற்றவே வேண்டாம், அதுதான் இதன் சிறப்பே, தானே கழுவிக்கொள்ளும் என்றார். நீங்கள் தோள்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தீர்கள். உங்கள் தோட்டத்து மஞ்சள்தூள். அனூரில் உங்கள் தம்பி விளைவித்து, வேகவைத்துக் காயவைத்து அரைத்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் மெஷின் எண்ணெய் வாசனையைத் தள்ளிவிட்டு உங்கள் ஊர் அந்தக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலாளி ஒரு எட்டு பின்னால் போனார். பூஜை ஏதோ செய்யப்போகிறீர்கள் என்றே நினைத்திருக்கிறார். எனக்கு அப்புறம் சொன்னார்.

மஞ்சளை மாவோடு கலந்து உள்ளே கொட்டச் சொன்னீர்கள். பசைநீர் விட்டுப் பிசையச் சொன்னீர்கள். குருணையை வெளியே எடுத்தபின், "இப்பக் கழுவச் சொல்லுங்க உங்க மெஷின" என்றீர்கள். ஓசூர்க்காரர் திரையைத் தொட்டார். தண்ணீர் சீறியது. திறந்து பார்த்தால் உள்ளே பளிச்சென்று இருந்தது. அவர் ஜெயித்த முகத்தோடு முதலாளியைப் பார்த்தார்.

"இப்பக் கழட்டுங்க."

கழற்ற ஆட்களைத் தேடிப் பிடித்து வரவேண்டியிருந்தது. சங்கிலி போட்டுத் தூக்கி, சுழலும் பெரிய கத்தியைப் பெயர்த்து எடுப்பதற்குள் மதியச் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. முதலாளி மூன்று முறை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நீங்கள் கண்டுகொள்ளவில்லை. கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தீர்கள். "சித்த புடிங்க சார்." இரண்டு பெரிய மனிதர்கள் முன்னால் கை நிறைய வளையலோடு நான் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டுவந்தவன் மாதிரி நின்றேன். உங்கள் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, கத்தி உட்கார்ந்திருந்த தண்டின் அடியில், அங்கிருந்த ரப்பர் வளையத்தின் இடுக்கில் ஒரு சுற்று சுற்றி எடுத்தீர்கள்.

துணி மஞ்சளாக வந்தது.

ஓசூர்க்காரர் சிரித்துச் சமாளித்தார். "மேடம், ஒரு சிட்டிகை மேடம். மஞ்சளே மருந்துதானே. யாருக்கு என்ன ஆகப்போவுது?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "மஞ்சளுங்கறதால உங்களுக்கும் எனக்கும் தெரியுது. எங்க சுகர் மாத்திர வெள்ளைங்க. மாவும் வெள்ளைங்க. அங்க ஒட்டியிருந்தா யாரு கண்ணுக்குத் தெரியும்? ஆரஞ்சு மிட்டாயின்னு நெனச்சு ஒரு கொழந்த சப்பிச் சாப்புடும். அதுக்கு எதுக்குங்க சக்கரையக் கொறைக்கற மருந்து?"

முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவிவிட்டால் போகிறது, அதற்கு ஆள் போட்டுவிடலாம், இயந்திரத்தை விடமுடியாது என்று கன்னடத்தில் சொன்னார். அவருக்கு அந்தத் திரை வேண்டும். நானும் அதோடு விஷயம் முடிந்தது என்றே எண்ணினேன். ஆட்கள் இருக்கிறார்கள், கழற்றலாம், இதற்கு மேல் தரப் பிரிவு என்ன சொல்லமுடியும்?

நீங்கள் சொன்னதைத்தான் நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். அவரை நேராகப் பார்த்து, கன்னடத்திலேயே, மெதுவாகச் சொன்னீர்கள். லாரி கேட்டில் வந்து நிற்கும். சரக்கு தாமதமாகியிருக்கும். அவர் வீட்டிலிருந்து போன் செய்து "ஆயித்தா?" என்று கேட்பார். ஆகவில்லை என்றால் மறுபடியும் போன் செய்து "ஆயித்தா?" என்பார். அந்த நாளில் அரை நாள் செலவழித்து இதைக் கழற்ற யாருக்குத் தைரியம் வரும்?

முதலாளியின் 'ஆயித்தா' தொழிற்சாலை முழுக்கப் பிரசித்தம். 'முடிந்ததா' என்ற அந்த ஒரே கேள்விக்கு மேல் அவர் போனில் பேசி யாரும் கேட்டதில்லை. வாட்ச்மேன்கூட அவரைப் போலப் பேசிக்காட்டுவார். ஆனால் அவர் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. நான் உங்கள் வளையல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உங்கள் வேலை அங்கேயே போய்விடும் என்று பயந்தேன். உங்கள் சம்பளத்தில்தான் தம்பியின் கிணற்றுக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியாமலா இருக்கும்.

முதலாளி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். காருக்குப் போனார்.

திரும்பி வரும்போது ராமநகரம் தாண்டி மத்தூரில் வடைக்கு நிறுத்தினார். முதல் வடையை உங்கள் இலையில் வைக்கச் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மெஷின நல்ல நாளுக்குப் பாத்து வாங்கக்கூடாதுங்க சார். அவசரத்துல இருக்கறபோது நாம எப்புடி நடந்துக்குவமோ, அதுக்குப் பாத்து வாங்கோணும்" என்று கை கழுவும் இடத்தில் எனக்குச் சொன்னீர்கள். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் தூங்கியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த முழுப் படிப்பும் இந்த இரண்டு வரிதான்.

கடைசியில் நாம் வாங்கிய இயந்திரம் பார்க்க லட்சணமாக இல்லை. குட்டையாக, பருத்து, திரை இல்லாமல் வெறும் பொத்தான்களோடு வந்து இறங்கியது. முதலாளி அதற்கு 'எம்மெ' என்று பெயர் வைத்தார். கன்னடத்தில் எருமை. ஆனால் ஒரே ஆள், ஒரு கைப்பிடியைத் திருப்பி, கத்தியையும் வளையத்தையும் டீ ஆறுவதற்குள் கழற்றிவிடலாம். வாங்கும் முன் அதே மாதிரி இயந்திரம் வைத்திருந்த இன்னொரு கம்பெனிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அங்கே அதைக் கழுவும் பெண்களிடம் கையைக் காட்டச் சொல்லி விரல் முட்டிகளைத் தடவிப் பார்த்தீர்கள். இடுக்கில் கைவிட்டுச் சிராய்த்த காயம் இல்லை. "இது போதுங்க" என்றீர்கள். நான் கொண்டுபோயிருந்த கேள்விகளைக் கேட்கவே விடவில்லை. கோபம்தான் வந்தது. இப்போது நான் எந்த இயந்திரம் பார்க்கப் போனாலும் முதலில் அங்கிருப்பவர்களின் விரல் முட்டியைத்தான் பார்க்கிறேன். என்னைக் கைரேகைக்காரன் என்று கேலி செய்கிறார்கள். உங்களை 'அரிசின மேடம்' என்றார்களே, அதற்கு இது பரவாயில்லை. அரிசினம் என்று கன்னடத்தில் மஞ்சளுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு, உங்களுக்கும் அதையே பெயராக வைக்கலாம் என்று தோன்றியதில் ஆச்சரியம் என்ன.

நீங்கள் சொன்ன அந்த நாள் வந்தது. நீங்கள் சிகிச்சைக்காக நீண்ட விடுப்பில் இருந்தீர்கள். லாரி கேட்டில் நின்றது. சர்க்கரை மாத்திரை ஓடி முடிந்து வைட்டமின் தொடங்கவேண்டும். முதலாளியின் போன் வந்துவிட்டது. எம்மெயைக் கழுவியாயிற்று, உள்ளே பார்த்தால் சுத்தம். கழற்றுவது சுலபம் என்பதால் யாரும் யோசிக்கவே இல்லை, கழற்றினார்கள். வளையத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ரப்பர் லேசாக வெடித்திருந்தது. வளையத்தை மாற்றி, மறுபடி கழுவி, மறுபடி பார்த்து, அப்புறம்தான் ஓட்டினோம். லாரி காத்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகாததால் எந்தக் குழந்தையின் அம்மாவுக்கும் உங்களைத் தெரியாது.

இதைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். நீங்கள் பாதியாக இளைத்திருந்தீர்கள். நான் சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தார். வழக்கம்போல அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தீர்கள். எங்கோ ஓர் ஊரில் யாரோ செய்தது. "பாத்தீங்களா சார், இதக் கழட்டிப் பாத்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தரு பாத்திருப்பாங்கன்னு நம்பித்தான் முழுங்கறேன்" என்றீர்கள். தண்ணீரை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். உங்களோடு சண்டை போடாத ஒரு காலை எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

இப்போது நம் தொழிற்சாலையில் புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறது. அதற்கும் ஒரு கலவை இயந்திரம் வேண்டும். நாளைக் காலை நானும் முதலாளியும் பெங்களூர் போகிறோம். வேறொரு கூடம், அங்கேயும் ஒரு நல்ல பேச்சாளி இருப்பார், திரை இன்னும் பெரிதாக இருக்கும். உங்கள் தம்பி அறுவடை முடிந்ததும் வந்து ஒரு பை மஞ்சள்தூள் கொடுத்துவிட்டுப் போனார். "அக்கா உங்களுக்குன்னு எப்பவும் எடுத்து வெக்குமுங்க. அதான்" என்றார். ரசத்துக்கு அதில் ஒரு துளி எடுக்கவும் வீட்டில் யாரையும் நான் விடவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே முதலாளி போன் செய்தார். காருக்கு டீசல் போட்டதைத்தான் கேட்கப்போகிறார் என்று, "ஆயித்து சார்" என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தேன். அவர் 'ஆயித்தா' என்று கேட்கவில்லை, மேடம்.

"அரிசினா தகொண்ட்ரா?" என்றார். மஞ்சள் எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டார்.