வடக்குச் சுவரில் ஐந்தாவது முகம்

பதிவு 1. இரவு 1:10

உணவுக்கூடம், வடக்குச் சுவர். ஈரப்பதம் 31. வெப்பம் 18. புதிய விரிசல் இல்லை.

அம்மா தினமும் இப்படித்தான் எழுதுவாள். ஓவியப் பாதுகாப்பு விஞ்ஞானி மங்கையர்க்கரசி. செவ்வாய்க் கிரகத்துக்கு முதல் கப்பலில் வந்தவர்களை வரைந்த இந்தச் சுவர் அவள் பொறுப்பு. வரிசையின் கடைசியில் அவள் முகமும் இருக்கிறது. சென்ற மாதம் எக்ஸ்ரேயில் பார்த்தாள். மேல்பூச்சுக்கு அடியில் இன்னும் நான்கு முகங்கள். நிர்வாகத்தை எதிர்த்ததால் மூன்றாம் சுரங்கத்தில் பூட்டப்பட்டவர்கள். அதை வெளியே சொன்னாள். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் அவள் மகள் யாழ்மொழி, ஒன்பதாம் வகுப்பு. இதைக் கண்டெடுப்பவரே, நிர்வாகத்திடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

பதிவு 2. இரவு 3:40

மேல்பூச்சு செம்புழுதியும் உருளைக்கிழங்குக் கஞ்சியும் கலந்தது. எச்சில் கஞ்சியைக் கரைக்கும். அடியிலுள்ள எண்ணெய் வண்ணத்தைத் தொடாது. பஞ்சை நாக்கில் நனைத்து உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. அம்மா போட்ட திரை இன்னும் சுவரை மூடியிருக்கிறது. அதற்குப் பின்னால் இரவுதோறும் ஒளிந்து பஞ்சை உருட்டுகிறேன்; நான்காவது முகமும் இன்று முடிந்தது. சிரிக்கிறார்.

எச்சில் பட்ட இடத்தைக் கடைசியில் தண்ணீரால் துடைக்க வேண்டும். இரவுக்கு ஒரு குவளைதான் தருகிறார்கள். தாகத்தில் குடித்துவிட்டேன். துடைக்கவில்லை.

பதிவு 3. மறுநாள் இரவு 11:50

வகுப்பில் அம்மா பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவர் இங்கே வந்ததே இல்லை என்றார் ஆசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். சுவரில் போய்ப் பாருங்கள் என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

இப்போது போர்வைக்குள், அம்மாவின் பழைய ரேடியோவில் காவலர்கள் பேசுவதைக் கேட்கிறேன்.

"அண்ணே, அந்தப் பொம்பள மொகத்தப் பூசிட்டேன். ஆனா பக்கத்துல நாலு பேரு பல்ல இளிச்சிட்டு நிக்கிறானுங்க! யாரோ எச்சி தொட்டுப் பூச்ச அழிச்சிருக்காங்க."

"நீ தொடச்சுக் கிடச்சுத் தொலைக்காதடா. காலைல லேப் ஆளு வந்து சாம்பிள் எடுக்கட்டும். யாரு எச்சின்னு தெரிஞ்சா அவங்களையும் சொரங்கத்துக்கே அனுப்பிரலாம்."

பிறகு ஒலிபெருக்கி: "மாணவச் செல்வங்களே, காலை உணவுக்கு முன் உணவுக்கூடத்தில் வரிசையில் நின்று வாயைத் திறக்கவும். சிறு பரிசோதனைதான். பயப்பட வேண்டாம்."

பதிவு 4. இரவு 1:05

திரைக்குப் பின்னால் இருக்கிறேன். கையில் ஒரு குவளைத் தண்ணீர். நான்கு இடங்களையும் துடைத்தால் போதும், யார் செய்தது என்று தெரியாது. உயிரோடு இருப்பேன்.

அம்மா இருந்த இடத்தில் வெறும் சிவப்பு. கஞ்சி வாடை.

பஞ்சை வாயில் வைத்தேன். பயத்தில் நாக்கு காய்ந்து கிடக்கிறது. பஞ்சு நனையவே இல்லை.

பதிவு 5

தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

நெற்றி வந்துவிட்டது. புருவம். எழுத்து கோணலாகப் போகிறது, மன்னியுங்கள்.

திரையை அறுத்துக் கீழே போட்டேன். காலையில் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு இவள் எதிரில்தான் நிற்க வேண்டும்.

பூட்ஸ் சத்தம். இரண்டு பேர்.

வலது கண் திறந்துவிட்டது. இடது கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் எச்சில் இருந்தால்